திரையை வாங்கும் முன் பலகையை வாங்குங்கள்

நடனத்தோடு கணினியைச் சேர்க்கலாம் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் விலை விசாரிப்பது புரொஜெக்டரைத்தான். குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆண்டுவிழா மேடைகளில் எல்.இ.டி. திரை இப்போது பந்தல், மைக் செட்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. முன்னால் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பின்னால் அருவி கொட்டுகிறது, மயில் தோகை விரிக்கிறது. ஆடுகிற பிள்ளை அடவை, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவை, மறந்து நின்றுவிட்டாலும் மயில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அலங்காரம் என்ற அளவில் அதில் குற்றமில்லை. இங்கே சொல்லப்போவது வேறு வேலை. ஆடுகிறவர் நின்றால் ஒலியும் நிற்க வேண்டும், காலம், அதாவது வேகம், கூட்டினால் அதுவும் கூட வேண்டும். உடலின் அசைவே ஒலியையோ ஒளியையோ நேரடியாக மாற்ற வேண்டும். இதைத்தான் ஊடாடும் தொழில்நுட்பம் என்கிறோம்.

பரதம் சொல்லிக்கொடுப்பவர்கள், கம்பு தட்டி ஆடும் களியல் குழுவினர், கல்லூரிக் கலைக்குழுவினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்த ஒருவர் உடனிருந்தால் போதும். நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர் எப்படியும் ஒருவர் அகப்படுவார். அவரிடம் "செயற்கை நுண்ணறிவு நடனம் செய்வோம்" என்று தொடங்காதீர்கள். ஆறு மாதம் அறிக்கையிலேயே போய்விடும். "இந்த எண் இதற்கு மேல் போனால் இந்த ஒலி எழ வேண்டும்" என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் செய்துகொண்டு வருவார்.

என் கட்சி இதுதான்: முதலில் காது, பிறகு கண். நம் ஆட்டங்களில் பெரும்பாலானவை தரையைத் தட்டியும் கம்பைத் தட்டியும் நடப்பவை. தட்டுவதைக் கேட்கும் கருவி மலிவு, துல்லியம். பார்க்கும் கருவி விலை அதிகம், தடுமாறுவதும் அதிகம்.

முன்னோடிகளிடமும் ஒலிதான் முதலில் வந்தது. 1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் 'வேரியேஷன்ஸ் 5' என்ற படைப்பை அரங்கேற்றினார்கள். மேடையில் மின்னணு இசைக்கருவிகள் செய்யும் ராபர்ட் மூக் செய்துகொடுத்த ஆன்டெனாக் கம்பங்கள் நின்றன. ஆடுகிறவர் அருகே வந்தால் ஒலி மாறும். கம்பங்களின் அடியில் ஒளியை உணரும் செல்கள் இருந்தன. அவற்றை அமைத்துத் தந்தவர் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவர். ஆனால் கருவிகள் அனுப்பிய சமிக்ஞை அப்படியே ஒலிபெருக்கிக்குப் போய்விடவில்லை. நடுவில் இசைஞர்கள் உட்கார்ந்து, எது கேட்கலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நம் மேடையில் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் இருக்கும் இடம் அது. அந்த இடத்தை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதைப் பின்னால் மீண்டும் சொல்வேன்.

இந்தியாவில் இந்தப் பாதையில் முன்னே சென்றவர்களில் ஒருவர் நடன அமைப்பாளர் ஜெயச்சந்திரன் பாலாழி. பெங்களூரில் 1992இல் தொடங்கிய ஆட்டக்களரி மையத்தின் வழியாக இயங்கியவர். சிலப்பதிகாரத்திலிருந்து கரு எடுத்து அவர் அமைத்த 'குரோனோடோபியா' ஆடலையும் ஊடாடும் காட்சிகளையும் ஒரே மேடையில் சேர்த்த படைப்பு. அதன் பதிவுகள் கிடைத்தால் பாருங்கள். பார்த்துவிட்டு நாமும் அப்படியே தொடங்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

முதலில் ஒரு வாக்கியம்

கருவி வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எது அசைந்தால் எது மாறும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "காலால் தட்டத் தட்டக் கடல் ஒலி ஏறும், தட்டு நின்றால் வடியும்." இது போதும். "கை தூக்கினால் பறவை, கண் அசைத்தால் நட்சத்திரம், சுற்றினால் புயல்" என்று எழுதியிருந்தால் இரண்டை அடித்துவிடுங்கள். ஆடுகிறவர் இந்தத் தொடர்பை ஒரு வாத்தியத்தைப் போலப் பழகியாக வேண்டும். மூன்று வாத்தியங்களை ஒரே நேரத்தில் யாரும் பழகுவதில்லை.

பார்வையாளருக்கு இந்தத் தொடர்பு உடனே புரிந்துவிட வேண்டும் என்று சிலர் கவலைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஆடுகிறவருக்குப் புரிந்தால் அவர் ஆடும் விதமே மாறும். பார்வையாளர் பார்ப்பது அந்த மாற்றத்தைத்தான்.

பலகை

ஆடுகிறவர் மேலே நின்று தட்டுவதைக் கணினிக்குச் சொல்லும் பலகை இது. தேவையானவை: 18 மில்லிமீட்டர் தடிமனில் 8×4 அடி பிளைவுட் ஒன்று, ரீப்பர் கட்டைகள், பழைய சைக்கிள் டியூப், வயர் இணைத்த பீசோ தகடு நான்கு, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், உணரி தருவதைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ லியனார்டோ என்ற சிறு போர்டு, யுஎஸ்பி கேபிள். பீசோ என்பது பித்தளை வட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் படிந்த சிறு தகடு, அதிர்ந்தால் மின்னழுத்தம் எழுப்பும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இணைத்த வயரோடு விற்பதையே கேட்டு வாங்குங்கள். சால்டரிங் இரும்பைச் சற்று அதிக நேரம் வைத்தாலும் பீங்கானின் மேலுள்ள வெள்ளிப் பூச்சு உரிந்து தகடு வீணாகும்.

பிளைவுட்டைப் பாதியாக அறுத்தால் 4×4 அடியில் இரண்டு பலகைகள். இடம் பெயராத அடவுகளுக்கு ஒன்று போதும். அடிப்பக்கம் நான்கு விளிம்பிலும் ரீப்பர் அடித்து, பலகையைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். ரீப்பருக்கு அடியில் டியூபை வெட்டி ஒட்டுங்கள். பக்கத்தில் நடப்பவரின் அதிர்வு பலகைக்கு ஏறாமல் இருக்க இது வேண்டும். மேல்பக்கத்தையும் விளிம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணித்தலை எதுவும் துருத்தவில்லை என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெறுங்காலில் ஆடப்போகிறவருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மொசைக் தரையில் தட்டிப் பழகிய முழங்கால்களுக்கு இந்தப் பலகையின் சிறு நெகிழ்வு இதமாக இருப்பதும் ஒரு லாபம்.

தகட்டைப் பலகையின் அடிப்பக்க நடுவில் ஒட்டுங்கள். அது தரையைத் தொடக்கூடாது. வயரைத் தகட்டிலிருந்து நாலு விரல் தள்ளி இன்னோர் இடத்திலும் டேப்பால் இறுக்கினால், யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இணைப்பு அறாது. சிவப்பு வயர் போர்டின் ஏ0 முனைக்கு, கருப்பு வயர் ஜிஎன்டி முனைக்கு, இரண்டுக்கும் குறுக்கே ரெசிஸ்டர். தட்டும்போது பீசோ எழுப்பும் மின்னழுத்தம் சில வேளை போர்டு தாங்கும் அளவை மீறும் என்பதால் அதிக மின்னழுத்தத்தைத் தடுக்கும் 5.1 வோல்ட் சீனர் டயோடு ஒன்றையும் குறுக்கே சேர்ப்பது நல்லது. யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இனி தட்டிப் பார்க்கலாம். ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் உதாரணங்களில் 'நாக்' என்ற சிறு நிரல் உண்டு. ஏ0 முனையில் வரும் எண் 100ஐத் தொட்டதும் ஒரு வரி அச்சிடும். தட்டடவின் முதல் காலத்தில் அது ஒழுங்காகத்தான் தெரியும். மூன்றாம் காலத்துக்குப் போனால் தட்டுகளைத் தவற விடத் தொடங்கும். காரணம், அந்த நிரல் ஒவ்வொரு முறை பார்த்த பின்னும் 100 மில்லி விநாடி தூங்குகிறது. தட்டின் உச்சமோ சில மில்லி விநாடிகளில் வந்து போய்விடும். அந்தத் தூக்கத்தை எடுத்துவிட்டு, இடைவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

எடுத்தவுடன் எதிர்ப்பக்கத் தொல்லை வரும்: ஒரு தட்டுக்கு ஐந்து தட்டு பதிவாகும். பலகை அதிர்ந்து அடங்கச் சற்று நேரம் எடுப்பதால் இப்படி ஆகிறது. ஆகவே ஒரு தட்டு பதிவானதும் 60 மில்லி விநாடிக்கு வேறெதையும் எண்ண வேண்டாம் என்று நிரலில் சொல்ல வேண்டும். 60 எங்கிருந்து வந்தது? முதல் காலத்தில் விநாடிக்கு ஒரு தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் நான்கு, அதாவது 250 மில்லி விநாடிக்கு ஒன்று. அதற்குள் இரட்டிப்பாகத் தட்டினாலும் 125. அறுபது இவை எல்லாவற்றுக்கும் உள்ளே அடங்கும். பலகையின் அதிர்வும் பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

100 என்ற எல்லையையும் அப்படியே நம்பாதீர்கள். லியனார்டோ தரும் எண் 0 முதல் 1023 வரை. பத்து வயதுப் பிள்ளையின் தட்டு ஓர் எண், வளர்ந்தவரின் தட்டு ஓர் எண். முழுப் பாதத்தால் தட்டுவது ஓர் எண், குதிகாலை ஊன்றும் நாட்டு ஓர் எண். ஆளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஆடச் சொல்லி, மிக மெல்லிய தட்டு என்ன எண் தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரும் பலகையில் இல்லாதபோது பாட்டைச் சத்தமாகப் போட்டு, அது என்ன எண் தருகிறது என்று பாருங்கள். எல்லை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பாட்டின் எண் மெல்லிய தட்டின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், பேஸ் ஒலிபெருக்கி பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதைத் தள்ளி வைக்காவிட்டால் ஒலியே பலகையைத் தட்டும், தட்டு ஒலியை எழுப்பும், ஆளில்லாமலே ஆட்டம் நடக்கும்.

தட்டு எண்ணாகிறது, எண் கடலாகிறது

எல்லோரும் முதலில் செய்வது, ஒரு தட்டுக்கு ஒரு மிருதங்கச் சொல் ஒலிக்க வைப்பது. அரை மணி நேரம் வேடிக்கையாக இருக்கும். அதன் பிறகு அலுக்கும். ஏற்கெனவே மிருதங்கமும் சலங்கையும் நட்டுவாங்கமும் அதே இடத்தில் ஒலிக்கின்றன. நான்காவதாக இயந்திரமும் அதையே சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட நல்ல வழி, தட்டுகளைச் சேமித்து வைப்பது. நிரலில் 'சேமிப்பு' என்று ஓர் எண் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அதில் 8 கூட்டுங்கள். ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் அதை 0.97ஆல் பெருக்குங்கள், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வடிந்துவிடும். 100க்கு மேல் போகாமல் தடுத்துவிடுங்கள். இப்போது தட்டடவை மூன்று காலத்திலும் ஆடச் சொல்லி அந்த எண்ணைத் திரையில் பாருங்கள். விநாடிக்கு ஒரு தட்டில் அது 30ஐ ஒட்டி ஏறி இறங்கும். இரண்டாம் காலத்தில் 55 வரை வரும். மூன்றாம் காலத்தில் சில விநாடிகளில் 100ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். ஆட்டம் நின்றால் எட்டு விநாடியில் 10க்கும் கீழே வடிந்துவிடும். மூன்று காலமும் மூன்று உயரமாகக் கண்ணெதிரே நிற்பதைப் பார்க்கும்போது, எந்தப் பாட அறிமுகமும் இல்லாமல் மாணவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

இந்த எண்ணைக் கடல் ஒலியின் அளவோடு இணையுங்கள். லியனார்டோ போர்டைக் கணினியில் மிடி கருவியாக, அதாவது கணினியோடு பேசும் இசைக்கருவியாக, காட்டிக்கொள்ளச் செய்யலாம். எந்த இசை மென்பொருளும் அதை ஒரு கீபோர்டு என்று எடுத்துக்கொள்ளும். செலவில்லாமல் வேண்டுமென்றால் மில்லர் பக்கெட் உருவாக்கிய ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருள் இலவசம். கடல் ஒலியை இணையத்திலிருந்து இறக்காதீர்கள். முட்டத்துப் பாறையில் அலை மோதுவதும் மணல் கரையில் அலை வழிவதும் வேறு வேறு ஒலி. போனில் பதிவு செய்தாலே போதும், மைக்கின் மேல் இரண்டு மடிப்புத் துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் காற்று மட்டும்தான் பதியும். கடல் வேண்டாம் என்றால் ரப்பர் தோட்டத்து மழை, வில்லுப்பாட்டுக் குடம், தோவாளைப் பூச்சந்தையின் விடியற்கால இரைச்சல் என்று இந்த மாவட்டத்தில் ஒலிக்குக் குறைவில்லை. சுசீந்திரம் கோவிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பதிவு செய்யலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். தூண் தேய்வதற்கு நம் பங்கும் சேர வேண்டாம்.

தாமதம் பற்றி ஒரு வார்த்தை. புளூடூத் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தாதீர்கள். தட்டுக்கும் ஒலிக்கும் இடையே காது கண்டுபிடிக்கும் அளவுக்கு இடைவெளி விழும். வயர் போட்ட ஒலிபெருக்கிதான் வேண்டும். அதுவும் ஆடுகிறவருக்கு அருகில் ஒன்று இருக்க வேண்டும். காற்றில் ஒலி 10 மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 29 மில்லி விநாடி ஆகும்.

கேமராவுக்கு எப்போது போவது

பலகையோடு ஒரு முழு உருப்படி ஆடி முடித்த பிறகு போகலாம். மடிக்கணினியின் கேமராவே போதும். கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் இலவசம். உடலில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும். தோள்கள் 11, 12. இடுப்பு 23, 24. முழங்கால் 25, 26. கணுக்கால் 27, 28. இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும்படி அமைக்கலாம். படம் எதையும் பதிவு செய்யாமலும் வெளியே அனுப்பாமலும் செய்ய முடியும். பிள்ளைகள் ஆடுவதால் பெற்றோரிடம் இதை முன்பே விளக்கிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மட்டும் 33 மில்லி விநாடி. அதைக் கணக்கிட ஒரு நேரம், காட்ட ஒரு நேரம் என்று எல்லாம் சேர்ந்தால் தட்டுக்கு அது எப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே தட்டைப் பலகையிடமே விட்டுவிடுங்கள். கேமராவிடம் மெதுவாக மாறுவதைக் கேளுங்கள்: அரைமண்டியின் (முழங்காலை மடக்கிப் பாதி அமரும் நிலையின்) ஆழம், இரு கைகளின் விரிவு, மேடையில் நிற்கும் இடம்.

அரைமண்டியை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தக வழி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் இடையிலான கோணத்தை அளப்பது. பேன்ட் போட்டு ஆடினால் சரியாக வரும். பயிற்சிச் சேலையிலோ விசிறி மடிப்பு வைத்த உடையிலோ ஆடினால் முழங்கால் துணிக்குள் மறைந்துவிடும். மென்பொருள் அதற்காகப் புள்ளியை விட்டுவிடாது. ஊகித்து ஒரு புள்ளியை வைக்கும், அந்தப் புள்ளி நடுங்கும். அதற்குப் பதில் இடுப்பின் உயரத்தைக் கணுக்காலிலிருந்து அளந்து, தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஒரு விகிதம், அமர அமர அது குறையும். குள்ளமானவர், உயரமானவர், கேமராவுக்கு அருகில் நிற்பவர், தள்ளி நிற்பவர் என்ற வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடும். எந்த எண் முழு அரைமண்டி என்பதை ஒவ்வொருவருக்கும் தனியே குறிக்க வேண்டும். ஒத்திகையை எதில் செய்தாலும் இந்த அளவுகளை மட்டும் முழு ஒப்பனையோடு எடுங்கள்.

கேமராவை மார்பு உயரத்தில், நேர் எதிரே வையுங்கள். சாதாரண மடிக்கணினிக் கேமரா 4 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் காணும். இருவர் குறுக்கே மறுக்கே ஆடினால் ஒருவரின் கை இன்னொருவருக்குப் போய்விடும். குழு நடனத்துக்கு இந்த வழி ஏற்றதல்ல.

பெரிய சிக்கல் வெளிச்சம். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும். இதற்கு அகச்சிவப்பு ஒளிதான் தீர்வு. சிசிடிவி கேமராக்கள் இரவில் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் 850 நானோமீட்டர் ஒளியை மேடை மேல் விழச்செய்தால், அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கேமராவுக்கு (சாதாரண மடிக்கணினிக் கேமராவில் அது இருக்கும்) எல்லாம் தெரியும், பார்வையாளர் கண்ணுக்கு மேடை இருட்டாகவே இருக்கும். பழைய ஹாலஜன் மேடை விளக்குகள் இதைக் கெடுக்கும், ஏனென்றால் அவையும் அகச்சிவப்பை அள்ளி வீசுகின்றன, எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் தொல்லை இல்லை. வெயிலும் அப்படித்தான். கடற்கரையில் மாலை நிகழ்ச்சி என்றால் சூரியன் மறைந்த பிறகே கேமராவை நம்பலாம்.

துணியும் விளக்கும்

திரை வேண்டும் என்ற ஆசை இன்னும் தீரவில்லை என்றால், முதலில் தோல்பாவைக் கூத்து ஒன்றைப் பாருங்கள். கூத்தை நடத்தும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றன. வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, நடுவில் பாவை. பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் கூர்மை. விளக்கின் பக்கம் இழுத்தால் பெரிதாகி மங்கும். தாமதம் என்பதே இல்லாத ஊடாடும் திரை இது.

இதையே ஆளை வைத்துச் செய்யலாம். ஆடுகிறவர் துணிக்குப் பின்னால், அவருக்கும் பின்னால் ஒரே ஒரு பிரகாசமான விளக்கு. துணியில் விழும் நிழலை முன்னாலிருந்து ஒரு கேமரா பார்க்கட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருவம் என்பதால் உடை, ஒப்பனை, முக அடையாளம் எதுவும் தேவையில்லை. திரையில் எத்தனை பங்கு கறுப்பு என்று எண்ணினாலே ஆடுகிறவர் விளக்கை நெருங்குகிறாரா, விலகுகிறாரா என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் மைரன் க்ரூகர் 1970களிலேயே நிழலுருவத்தைக் கணினிக்குக் காட்டித்தான் தன் 'வீடியோபிளேஸ்' அமைப்பை உருவாக்கினார்.

புரொஜெக்டரே வேண்டும் என்றால் இரண்டு கணக்கு. முன்னாலிருந்து அடித்தால் ஆடுகிறவரின் நிழல் திரையில் விழும். பின்னாலிருந்து அடிக்க இடம் வேண்டும்: எறிவிகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 உள்ள புரொஜெக்டருக்கு 3 மீட்டர் அகலப் படம் வேண்டுமானால் 4.5 மீட்டர் தூரம் வேண்டும். நம் ஊர்க் கல்யாண மண்டப மேடைகளில் பின்னால் அத்தனை இடம் இருக்காது. வாடகைக்கு எடுக்கும்போது குறுந்தூர புரொஜெக்டர் என்று கேளுங்கள், விகிதம் 0.5 என்றால் 1.5 மீட்டரில் வேலை முடியும். மெல்லிய துணியானால் லென்ஸின் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பார்வையாளர் பக்கம் தெரியும். உயரத்தில் கட்டிச் சாய்த்து அடித்தால் குறையும். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. விளக்கு எங்கே என்று முடிவாகாமல் ஆட்டத்தை அமைக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் திறந்தவெளி என்றால் துணித்திரையை மறந்துவிடுங்கள். காற்றாலை நட்ட இடத்தில் துணி கட்டினால் அது பாய்மரமாகத்தான் நிற்கும்.

களியலுக்கு மணிக்கட்டு

களியலில் பலகை உதவாது. விளக்கைச் சுற்றி வட்டமாக ஆடுகிறார்கள், குனிகிறார்கள், பக்கத்திலிருப்பவரின் கம்போடு கம்பைத் தட்டுகிறார்கள். கேமராவுக்கு எப்போதும் பாதிப் பேர் மறைந்தே இருப்பார்கள். இங்கே உணரி உடலோடு போக வேண்டும். ஈஎஸ்பி32 என்ற வைஃபை போர்டும் எம்பியு6050 என்ற அசைவு உணரியும் சேர்ந்து ஒரு தீப்பெட்டி அளவில் அடங்கும். கம்புக்குள் வைக்கத் தோன்றும். பத்துத் தட்டில் சால்டர் விட்டுப்போகும். மணிக்கட்டில் பட்டையாகக் கட்டுங்கள்.

கவனிக்க வேண்டிய ஒன்று: எம்பியு6050 தொடக்கத்தில் 2 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு, வரைதான் அளக்கும். கம்படியில் அது உடனே முட்டிக்கொண்டு எல்லாத் தட்டையும் ஒன்றுபோலக் காட்டும். 16 ஜிக்கு மாற்றிவிட்டால் மெல்லிய தட்டும் வன்மையான தட்டும் பிரிந்து தெரியும். வைஃபைக்கு மண்டபத்தின் இணைப்பை நம்பாதீர்கள். சிறு ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோய், போன் எதையும் அதில் சேர்க்காமல் வையுங்கள். எட்டுப் பேர் ஆடினாலும் தொடக்கத்தில் இரண்டு பேருக்கு மட்டும் கட்டுங்கள்.

ஆசான் இதற்குச் சம்மதிக்க வேண்டும். ஜால்ராவைப் பிடித்துக் காலத்தை நடத்துகிறவர் அவர். இயந்திரம் அவர் காலத்தைப் பின்பற்ற வேண்டுமே தவிர, அவர் இயந்திரத்தைப் பின்பற்றுவதாக இருக்கக்கூடாது. முதலிலேயே போய், பட்டையைக் கையில் கொடுத்து, அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். ஒத்திகைக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள், அறிவிப்பில் குழுவின் பெயரை உங்கள் பெயருக்குக் குறையாத எழுத்தில் போடுங்கள்.

மேடை நாள்

எல்லைகளை மேடையில் புதிதாக அளக்க வேண்டும். வீட்டில் மொசைக் தரையில் இருந்த எண் மரமேடையில் இருக்காது. அதை நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், ஒலியும் விளக்கும் முழுதாக ஓடும்போது அளந்து பாருங்கள்.

மின்சாரத்துக்கு, சீரியல் விளக்கும் டிம்மரும் ஓடும் இணைப்பிலிருந்து கணினியைப் பிரித்து வையுங்கள். சேர்ந்திருந்தால் ஒலிபெருக்கியில் உறுமல் கேட்கும். கோவில் கொடை, ஊர்த்திருவிழா மேடைகள் ஜெனரேட்டரில் ஓடினால் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் எர்த் போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு யுபிஎஸ் வழியாகவே எடுங்கள். கணினியில் இணையத்தை அணைத்து, தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் உறங்குவதையும் நிறுத்திவையுங்கள். அலாரிப்பின் நடுவில் அது புதுப்பிக்கத் தொடங்கினால் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். சால்டர் செய்த இடங்களில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட்டிங் அடித்தால் பச்சை பூக்காது. கருவிப்பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். மணிக்கட்டுப் பட்டையை வியர்வை நனைக்கும் என்பதால் பேட்டரியைத் தனியே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஊதிப்போன லித்தியம் பேட்டரியை யார் உடம்பிலும் கட்டக்கூடாது.

பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபம்போன்ற இடத்தில் ஆடும் கனவு இருந்தால், அந்த அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முறையான அனுமதி இல்லாமல் டேப் ஒட்டுவதுகூடக் கூடாது.

நட்டுவனாரின் இடம் என்று சொன்னேனே, அதற்கு ஆள் வேண்டும். மிக்ஸரில் கணினி ஒலிக்கென்று ஒரு ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் பிடியை) ஒதுக்கி, ஆட்டம் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். எண் தவறாகப் போனால் அவர் இறக்குவார். ஆடுகிறவர் திணறினால் சற்று ஏற்றித் தாங்குவார். நிரல் எழுதிய மாணவரை அங்கே உட்கார வைக்காதீர்கள். அவர் திரையைப் பார்ப்பார், மேடையைப் பார்க்கமாட்டார்.

நிகழ்ச்சிக்கு முந்தைய ஒத்திகையில் ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முழு உருப்படியையும் ஆடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறவர் ஒலிக்காகக் காத்து நிற்கிறாரோ அந்த இடத்தில் அடவைச் சேருங்கள். மேடையில் கம்பி அறுந்தால் அவர் ஆடிக்கொண்டே போவதற்கு அதுதான் வழி.

முடிந்ததும் அன்றைய எல்லை எண்களை மண்டபத்தின் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதே மேடைக்குப் போகும்போது பாதி நேரம் மிச்சமாகும். பேட்டரிகளை முழு சார்ஜிலோ வெறுமையாகவோ விடாமல், பாதி அளவில் வைத்து எடுத்து வையுங்கள். பலகையை ஈரத்தரையில் படுக்கப்போடாதீர்கள். பிளைவுட் வளைந்தால் தகட்டின் ஒட்டு விடும், எல்லா எண்ணும் மாறும்.